கண்டுபிடித்தது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரே அச்சில் ஒரு செய்தி வருகிறது. ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நம்மூர்ப் பேராசிரியர்’ என்று தலைப்பு, பக்கத்தில் சால்வையோடு ஒரு படம், கீழே இத்தனை ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார், அவை இத்தனை ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன, அந்த மேற்கோள்களை வைத்துப் போடும் எச்-இன்டெக்ஸ் என்ற மதிப்பு இவ்வளவு என்று எண்கள், அப்புறம் தாளாளரும் முதல்வரும் பாராட்டினார்கள் என்று ஒரு வரி. செய்தி அதோடு முடிந்துவிடுகிறது. அவர் எந்த நோயைப் பற்றி ஆராய்ந்தார், என்ன தெரியவந்தது, அதனால் எந்த நோயாளிக்கு என்ன மாறியது என்று ஒரு சொல் இருப்பதில்லை. மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைப் படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பாராட்டப்படுகிறவர்களில் சிலர் உண்மையிலேயே நல்ல வேலை செய்தவர்கள், அந்த வேலை என்னவென்று அவர்கள் ஊர்க்காரர்களுக்கே தெரியாமல் போகிறது. இன்னொரு பக்கம், எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லாதவர்களுக்கும் அதே அளவு இடம், அதே படம்.

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றி. ‘அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட பட்டியல்’ என்றே எப்போதும் எழுதுகிறீர்கள். அங்கே பணியாற்றும் ஜான் இயோனிடிஸ் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் எல்செவியர் பதிப்பு நிறுவனத்தின் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தை வைத்துத் தயாரிப்பது அது. பல்கலைக்கழகம் கூடி உட்கார்ந்து ஆளுக்கு ஆள் தகுதி பார்த்துக் கொடுக்கும் விருது இல்லை, யாரும் விண்ணப்பிப்பதும் இல்லை, கணினி கணக்குப் போடுகிறது. குறைந்தது ஐந்து கட்டுரை எழுதியவர்களை எடுத்துக்கொண்டு, மொத்த மேற்கோள், எச்-இன்டெக்ஸ், தனியாக எழுதியவை, முதல் பெயராக எழுதியவை, கடைசிப் பெயராக எழுதியவை முதலான ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அதிலும் இரண்டு பட்டியல் உண்டு. ஒன்று வாழ்நாள் முழுவதற்குமானது, மற்றொன்று ஒரே ஓர் ஆண்டில் வந்த மேற்கோள்களை மட்டும் பார்ப்பது. நம் ஊர்ச் செய்திகளில் வருகிற பெயர்களில் எது எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று நீங்கள் ஒருமுறை கூடச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் மிகப் பெரிது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியது எத்தனை சதவீதம் என்பதையும் அந்தக் கோப்பிலேயே ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் போட்டிருக்கிறார்கள். சமீப ஆண்டுகளில், பிழையோ மோசடியோ தெரிந்து எத்தனை கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்பதையும் சேர்த்துவிட்டார்கள். கோப்பு இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். நிருபர் அதைத் திறந்து பார்த்தாலே போதும், பாதிச் செய்தி மாறிவிடும்.

இதே இயோனிடிஸ்தான் 2005இல், வெளியாகிற ஆய்வு முடிவுகளில் பெரும்பாலானவை தவறு என்று ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதி மருத்துவ உலகத்தையே உலுக்கியவர். ஐந்து நாளுக்கு ஒரு கட்டுரை வீதம் எழுதித் தள்ளுகிறவர்கள் யார் யார் என்று 2018இல் கணக்கெடுத்தவரும் அவர்தான். எண்ணை வணங்குங்கள் என்று சொல்ல அவர் பட்டியல் போடவில்லை.

மேற்கோள் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்கலாம், உங்கள் வாசகர்களில் பலருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, நான் இந்த முறையை இன்னாரிடமிருந்து எடுத்தேன், இன்னாரது முடிவிலிருந்து தொடங்குகிறேன் என்று கடைசியில் பட்டியல் போடுவார். அப்படி ஒரு கட்டுரை எத்தனை பேர் பட்டியலில் வருகிறது என்று எண்ணுவதுதான் மேற்கோள் எண்ணிக்கை. ஃபிலடெல்ஃபியாவில் யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் 1955இல் இந்த யோசனையைச் சொல்லி, 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையைத் தொடங்கினார். நூலகத்தில் ஒரு தலைப்பைத் தொடர்ந்து தேடுகிறவனுக்கு வழிகாட்ட உருவான கருவி அது. இதழ்களை ஒப்பிட அவர் கொண்டுவந்த இம்பாக்ட் ஃபேக்டரைத் தனி மனிதர்களை எடைபோடப் பயன்படுத்தாதீர்கள் என்று அவரே பல முறை எச்சரித்தார். எச்-இன்டெக்ஸ் அதற்கு வெகுநாள் கழித்து வந்தது, 2005இல் கலிஃபோர்னியாவில் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் சொன்னது. ஒருவருக்கு எச்-இன்டெக்ஸ் 20 என்றால் அவருடைய இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். மூன்றே கட்டுரை எழுதி அவை ஒவ்வொன்றும் மூவாயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும் அவருக்கு எச்-இன்டெக்ஸ் 3தான். இருபத்தெட்டு வயதில் முனைவர் பட்டம் முடித்த பெண், பிள்ளை பெற்று நான்கு ஆண்டு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால் அந்த நான்கு ஆண்டும் எண்ணில் குழியாகத் தெரியும், அவளுடைய அறிவில் குழி எதுவும் விழுந்திருக்காது.

எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த உதாரணம் ஒன்று. உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை எது தெரியுமா? புற்றுநோய் பற்றியதும் இல்லை, டிஎன்ஏ பற்றியதும் இல்லை. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று நீல நிறத்தை வைத்து அளக்கும் முறை, ஆலிவர் லோரியும் அவருடன் மூவரும் 1951இல் எழுதியது. மேற்கோள்கள் 3 லட்சத்துக்கும் மேல். உயிர்வேதியியல் படித்த எவரும் ஃபோலின் கரைசலை ஊற்றி அந்த நீலத்தைப் பார்த்திருப்பார்கள். எல்லா ஆய்வகத்துக்கும் அது தேவைப்பட்டது, ஆகவே எல்லோரும் அதைக் குறிப்பிட்டார்கள். அது ஒன்றும் பெரிய கட்டுரை இல்லை என்று லோரியே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதேபோல ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்கும் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை, 1925இல் வெளிவந்தது. அந்த சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்த டிஇசி மாத்திரை அமெரிக்காவில் அவர் தலைமையில் இருந்த ஆய்வகத்திலிருந்து வந்தது. மேற்கோளை எண்ணினால் பாஸ்பரஸ் முறைதான் மேலே நிற்கும். மாத்திரையைத் தின்று கால் வீங்காமல் தப்பித்தவன் எந்தக் கட்டுரையின் கடைசியிலும் பெயர் எழுதப் போவதில்லை.

நான் விரிவாகச் சொல்ல நினைப்பது சம்பு நாத் டே பற்றி. காலரா ஆராய்ச்சியை மாற்றிய மனிதர், ஆனால் காலரா வார்டில் வேலை பார்க்கும் நம் இளம் மருத்துவர்கள் பலருக்கே அவர் பெயர் தெரியாது. 1915இல் வங்கத்தில் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, கல்கத்தாவில் மருத்துவம் படித்து, லண்டனில் முனைவர் பட்டம் வாங்கி, ஊர் திரும்பி நோயியல் ஆசிரியராக இருந்தார். காலரா கிருமியை ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவிலேயே இனம் கண்டிருந்தார், அது ஒரு நஞ்சை உண்டாக்குகிறது என்றும் ஊகித்திருந்தார். ஊகத்தை நிரூபிக்க எழுபத்தைந்து ஆண்டு யாராலும் முடியவில்லை. நஞ்சு ரத்தத்தில் பரவி உடம்பைக் கெடுக்கும் என்று நினைத்துக்கொண்டு விலங்குகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசி போட்டுப் போட்டுப் பார்த்தார்கள், காலரா வரவில்லை. டே வேறு மாதிரி யோசித்தார். நோய் குடலில் நடக்கிறது என்றால் குடலுக்குள்ளேயே பார்த்தால் என்ன? முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு தண்ணீர் நிரம்பி உப்பிக்கிடந்தது, காலரா நோயாளிக்குப் போகிற அதே கழுநீர் போன்ற திரவம். இதை 1953இல் எழுதினார். அதற்குப் பிறகு கிருமியை வடிகட்டி எடுத்துவிட்டு, அது வளர்ந்த நீரை மட்டும் செலுத்திப் பார்த்தார். அப்போதும் குடல் உப்பியது. கிருமியே இல்லாமல் காலரா! அப்படியானால் நஞ்சு உண்டு, அது குடல் சுவரில் வேலை செய்து நீரை வெளியே இழுக்கிறது என்பது உறுதியாயிற்று. 1959 மே மாதம் நேச்சர் இதழில் சின்னக் கட்டுரையாக அது வந்தது, ஒரே பெயர், எஸ். என். டே.

நூல், முயல், வடிகட்டி, அவ்வளவுதான் கருவி. பகலில் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு, போஸ் ஆய்வு நிலையத்திலும் இடம் வாங்கி வேலை செய்தார். பம்பாயில் ஹாஃப்கைன் நிலையத்தில் என். கே. தத்தாவும் குட்டி முயல்களை வைத்து அதே ஆண்டில் கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்தார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்கிறேன்.

சரி, அப்புறம் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. தொடக்கத்தில் அந்தக் கட்டுரையை உலகம் சரியாகக் கவனிக்கவே இல்லை. நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் வேலையை 1969இல் அமெரிக்காவில் ஃபிங்கெல்ஸ்டைனும் லோஸ்பலூட்டோவும் செய்து முடித்தார்கள். டே 1973இல் ஓய்வு பெற்றார். 1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்கு ஸ்வீடனில் நடந்தபோது அவரை அழைத்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே நான் இறந்துபோனவன், என்னைத் தோண்டி எடுத்திருக்கிறீர்கள், உங்களோடு இருந்த இந்த இரண்டு நாளில் உயிர் திரும்புவது போலிருக்கிறது என்ற பொருளில் அங்கே பேசினார். நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் ஒரு முறைக்கு மேல் டேயின் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். இந்தியாவின் பெரிய அறிவியல் கழகங்கள் எதுவும் அவர் உயிரோடு இருந்தவரை அவரைத் தங்கள் உறுப்பினராக்கவில்லை. 1985 ஏப்ரலில் இறந்தார். அடுத்த ஆண்டு யார் அவரைப் பற்றி விரிவாக எழுதினார் என்றால், மேற்கோள் எண்ணுவதைத் தொடங்கிவைத்த அதே கார்ஃபீல்டு! காலரா ஆராய்ச்சியின் மேற்கோள்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்தபோது, எல்லாப் பாதைகளும் போய்ச் சேருகிற இடங்களில் கல்கத்தாவின் டே நிற்கிறார் என்று எழுதினார், முதலில் கவனிக்கப்படாத 1959 கட்டுரை இன்று மைல்கல் என்றார். 1990இல் கரண்ட் சயின்ஸ் இதழ் அவருக்காகச் சிறப்பிதழ் போட்டது. இரண்டையும் பார்க்க அவர் இல்லை.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. மேற்கோளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டே யார் என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டியதில் மேற்கோள் வரைபடத்துக்கும் பங்கு உண்டு, முப்பது ஆண்டு தள்ளி நின்று பார்த்ததால் அது உண்மையைக் காட்டியது. 1962இலோ 63இலோ ஒரு தேர்வுக் குழு அவருடைய எண்ணைப் பார்த்து முடிவு செய்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? ‘போதிய தாக்கம் இல்லை’ என்றுதான் எழுதியிருக்கும். இன்றைக்கு நம் கல்லூரிகளில் மூன்று ஆண்டுக் கணக்கை வைத்துப் பதவி உயர்வையும் நிதியையும் முடிவு செய்கிறோம். ஒரே ஆண்டுக் கணக்கை வைத்து உங்கள் பத்திரிகை தலைப்பு போடுகிறது.

காலரா எங்கோ வங்கத்து விஷயம் என்று யாராவது நினைத்தால், 1992 அக்டோபரில் சென்னையில் காலரா கிளம்பியதை நினைவுபடுத்துகிறேன். பழைய வகை இல்லை, புதிதாக ஓ139 என்று பெயரிடப்பட்ட வகை. அங்கிருந்து அது கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. வகை புதிதாக இருந்தாலும் அது பண்ணியது டே காட்டிய அதே வேலையைத்தான், குடலிலிருந்து நீரை இழுத்தது. அதற்கு நம் ஆஸ்பத்திரிகளில் கொடுத்தது உப்புச் சர்க்கரைக் கரைசல். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில், போன்காவ் என்ற ஊரில், திலீப் மகலானபிஸ் என்ற மருத்துவர் சலைன் தீர்ந்துபோன நிலையில் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் என்பது யாருக்கு வேண்டும்?

டேயின் கட்டுரை வந்த அதே 1959இல் சென்னையிலிருந்து இன்னொரு ஆய்வு வெளிவந்தது. இதை நம் பத்திரிகைகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்று நிற்கிறதே, அது 1956இல் காசநோய் மருந்து சிகிச்சை மையம் என்ற பெயரில் தொடங்கியது. காசநோய் வந்தவரைச் சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுக்க வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம். படுக்கைகளோ சில ஆயிரம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். அங்கே 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதியினர் சானடோரியத்தில், மறு பாதியினர் தங்கள் வீட்டில், சென்னையின் நெரிசலான குடியிருப்புகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, முடிந்தவர்கள் வேலைக்கும் போய்க்கொண்டு. இரண்டு பேருக்கும் அதே மாத்திரை, ஓர் ஆண்டு. முடிவு கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் ஒட்டவும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் நூறு பக்கத்தை நெருங்கும் அறிக்கையாக அது வந்தது, அதற்குப் பிறகு நாடு நாடாகச் சானடோரியங்கள் மூடப்பட்டன, காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்தது.

அந்தக் கட்டுரையின் தலையில் யார் பெயர் இருக்கிறது தெரியுமா? மனிதர் பெயர் இல்லை. எழுதியது காசநோய் மருந்து சிகிச்சை மையம், மதராஸ் என்றே இருக்கிறது. வீடு வீடாகப் போய் மாத்திரை சாப்பிட்டார்களா என்று பார்த்த செவிலியர், எக்ஸ்ரே எடுத்தவர், சளியைப் பரிசோதித்தவர், யாருடைய எச்-இன்டெக்ஸும் அதனால் ஒரு புள்ளி கூட ஏறவில்லை. நம் மாநிலத்திலிருந்து மருத்துவ உலகத்துக்குப் போன மிகப் பெரிய கொடை அது என்பது என் கருத்து. 2 சதவீதப் பட்டியலில் அதற்கு இடமே கிடையாது.

இனி இன்றைய நிலைமை. உயர்கல்வி நிறுவனங்களுக்கான தேசிய தரவரிசை 2016இல் தொடங்கியது. அதில் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் மதிப்பெண்ணில் 30 சதவீதம் ஆராய்ச்சி என்ற தலைப்பில் போகிறது, அதில் கட்டுரை எண்ணிக்கையும் மேற்கோளும் முக்கியம். தரவரிசை நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். ஆனால் எண்ணுக்கு மதிப்பு வந்ததும் எண்ணை உண்டாக்கும் தொழிலும் வந்துவிட்டது. ‘பேப்பர் போட்டாச்சா’ என்பதுதான் இப்போது ஆசிரியர் அறையில் முதல் கேள்வி. ஒரே ஆய்வின் தரவை நான்காகப் பிரித்து நான்கு கட்டுரை ஆக்குகிறார்கள். நீ என்னைக் குறிப்பிடு, நான் உன்னைக் குறிப்பிடுகிறேன் என்று நண்பர்கள் பேசி வைத்துக்கொள்கிறார்கள். பணம் கொடுத்தால் ஏற்கெனவே எழுதி முடித்த கட்டுரையில் மூன்றாவது பெயர், நான்காவது பெயர் என்று இடம் விற்கிற விளம்பரம் வாட்ஸ்அப்பிலேயே வருகிறது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், முதுநிலை மாணவி ஒருத்தி ஒன்றரை ஆண்டு ராத்திரி பகலாக ரத்த மாதிரி சேகரித்து எழுதிய தீசிஸ் கட்டுரையாக வந்தபோது, ஆய்வகப் பக்கமே எட்டிப் பார்க்காத மூவர் பெயர் அவளுக்கு முன்னால் இருந்தது. அவள் அழுதாள், ஆனால் புகார் கொடுக்கவில்லை, கையெழுத்துப் போட வேண்டியவரே அந்த மூவரில் ஒருவர். இது நான் பார்த்த ஒரு சம்பவம் மட்டும்தான், எல்லாத் துறையிலும் இதைவிட மோசமாக நடப்பதாக ஆட்கள் சொல்கிறார்கள்.

உலக அளவிலும் இதே கதைதான். 2023 ஒரே ஆண்டில் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, அவற்றில் 8,000க்கு மேல் ஹிண்டாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து. அதே ஆண்டு, அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்கள் என்று கிளாரிவேட் நிறுவனம் போடும் பட்டியலிலிருந்து ஆயிரம் பேருக்கு மேல் சந்தேகத்தின் பேரில் நீக்கப்பட்டார்கள். 2019இல் இயோனிடிஸ் குழுவின் தரவை நேச்சர் இதழ் அலசியபோது, தங்களுக்கு வந்த மேற்கோள்களில் பாதிக்கு மேல் தங்களிடமிருந்தோ தங்கள் சக எழுத்தாளர்களிடமிருந்தோ பெற்றவர்கள் குறைந்தது 250 பேர் இருந்தார்கள். அந்தத் தரவில் நடுவில் நிற்கிற ஆய்வாளருக்கு அந்த விகிதம் சுமார் 13 சதவீதம்தான். இளநிலை மாணவர்களைக் கட்டுரை எழுத வைத்து, அதில் தங்கள் கல்லூரியின் பழைய கட்டுரைகளையே மேற்கோள் காட்ட வைப்பதாக 2023இல் சயின்ஸ் இதழில் வந்த செய்தி நம் மாநிலத்துக் கல்லூரி ஒன்றைப் பற்றியது. வெளிநாட்டு இதழில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அது எனக்கு வெட்கமாகவே இருந்தது. நம் பத்திரிகைகள் தோண்டியிருக்க வேண்டிய செய்தி அது.

நம் ஊருக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். எஸ். குமார், ஆர். ராஜேஷ், கே. லட்சுமி என்று ஆயிரம் பேர் இருப்பார்கள். கணினி இவர்களில் இருவரை ஒருவராக்கிவிடும், சில சமயம் ஒருவரையே இருவராக்கிவிடும், அப்பா பெயரை விரித்து எழுதினால் மூன்றாவதாக ஓர் ஆளே பிறந்துவிடுவார். வேறொருவருடைய கட்டுரைகள் தன் கணக்கில் சேர்ந்திருப்பதைப் பார்த்துத் தாமே எழுதித் திருத்திக்கொண்ட நேர்மையான ஆட்களை எனக்குத் தெரியும். எல்லோரும் அப்படிச் செய்வார்களா? இதற்காகத்தான் 2012 முதல் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஆர்கிட் (ORCID) என்று பதினாறு இலக்க எண் கொடுக்கிறார்கள், பாராட்டுச் செய்தி போடும் முன் அந்த எண்ணில் இருக்கும் கட்டுரைகளையாவது பார்க்கலாம்.

நீங்கள் கேட்கலாம், இதில் பத்திரிகைக்கு என்ன பங்கு என்று. பெரிய பங்கு இருக்கிறது. உங்கள் செய்தியைக் கத்தரித்துத்தான் கல்லூரி வாசலில் பிளக்ஸ் வைக்கிறார்கள், அட்மிஷன் நேரத்தில் அதையே பெற்றோருக்கு அனுப்புகிறார்கள். நிலத்தை விற்றுப் பிள்ளையை மருத்துவம் படிக்க வைக்க நினைக்கிற அப்பாவுக்கு, பத்திரிகையில் வந்தால் அது உண்மை. அடுத்தது இளம் ஆசிரியர்கள். பொறுமையாக ஐந்து ஆண்டு எடுத்து ஒரு நல்ல வேலை செய்கிறவனுக்கு உங்கள் பக்கத்தில் இடமே இல்லை, ஆண்டுக்கு அறுபது கட்டுரை போடுகிறவருக்குப் படத்தோடு இடம் என்றால், அவன் எதைக் கற்றுக்கொள்வான்?

எப்படி எழுதலாம் என்பதற்கு ஓர் உதாரணமும் சொல்கிறேன். வேலூர் சிஎம்சியில் பல ஆண்டு வேலை செய்த ககன்தீப் கங் 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோவாகத் தேர்வானபோது, இந்தியாவில் பணியாற்றும் பெண் விஞ்ஞானி ஒருவர் அங்கே தேர்வானது அதுவே முதல்முறை. அவருக்கும் மேற்கோள் எண்கள் நிறைய உண்டு. ஆனால் உங்கள் வாசகருக்குச் சொல்ல வேண்டியது வேறு: ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு குழந்தைகளைக் கொல்கிறது, அதற்கு நம் நாட்டிலேயே தயாரான தடுப்பு மருந்தை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் சுமார் 6,800 குழந்தைகளிடம் சோதித்தார்கள், அந்தச் சோதனையில் வேலூர்க் குழுவின் பங்கு பெரிது, கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்கு மேல் அது தடுக்கிறது என்று 2014இல் முடிவு வந்தது, 2017 முதல் நம் மாநிலத்தில் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கப்படுகிறது. ஒரு தாய் இதைப் படித்தால் தன் குழந்தையின் வாயில் விட்ட சொட்டு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். இதை எழுத எச்-இன்டெக்ஸ் தேவைப்படவில்லை பாருங்கள்.

எல்லா ஆராய்ச்சியும் இப்படிச் சொட்டு மருந்தாக வந்து சேராது, அடிப்படை ஆராய்ச்சி செய்கிறவரிடம் போய் இதனால் யாருக்கு லாபம் என்று கேட்பதும் அநியாயம் என்று எனக்குத் தெரியும். முயலின் குடலில் நூல் கட்டியபோது டேயிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவரும் நீண்ட பதில் சொல்லியிருக்க முடியாது. ஆனால் என்ன தேடினார், என்ன பார்த்தார் என்று சொல்லியிருப்பார். அதைச் சொல்ல முடியாத ஆராய்ச்சியாளர் கிடையாது. சொல்லவே தெரியவில்லை என்றால் அந்தக் கட்டுரைகளை அவர்தான் எழுதினாரா என்று சந்தேகப்படலாம்.

ஆகவே அடுத்த முறை கல்லூரியிலிருந்து பத்திரிகைக் குறிப்பு வரும்போது அப்படியே அச்சேற்றாமல் நிருபர் அந்தப் பேராசிரியருக்கே போன் செய்யட்டும். உங்களுடைய கட்டுரைகளில் நீங்களே சிறந்தது என்று நினைப்பது எது, அதில் நீங்கள் செய்த வேலை எது, மாணவர் செய்தது எது என்று கேட்கட்டும். வாழ்நாள் பட்டியலா ஓராண்டுப் பட்டியலா என்று கேட்கட்டும். தன்னைத் தானே மேற்கோள் காட்டிய சதவீதத்தைக் கோப்பைத் திறந்து பார்க்கட்டும். நல்ல ஆராய்ச்சியாளர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார், அரை மணி நேரம் விடாமல் பேசுவார், அந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. அந்தப் பேச்சிலிருந்து கண்டுபிடிப்பைப் பற்றி நான்கு வரி, அந்த மாணவர்களின் பெயர், இவை வந்தால் போதும். எண்களைக் கடைசி வரியில் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

மருத்துவ ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள உங்கள் நிருபர்களுக்கு உதவி வேண்டுமானால், ஒவ்வொரு மாவட்டத்திலும் என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் சும்மாதான் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்,
திருச்சி.